சனிக்கிழமை சாயங்காலத்தில் தொடங்கி காலை 6.50 வரை: குடியாத்தம் வட்டாரத்து வலி மாத்திரைப் பழக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இளைஞர் ஒரே ஆள் அல்லர். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து ஒரே தடத்தில் வந்து சேர்பவர்களின் விவரங்களைக் கோத்து, பயிற்சிக்காக ஒருவராக எழுதியிருக்கிறோம். போதைப் பழக்கம் பற்றிக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது “எவ்வளவு போடுறே?” என்றுதான். இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் எதற்கும் உதவவில்லை. “எத்தனை மணிக்கு, யாரோடு, எதற்காக?” என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

வந்த காரணம்

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 9.30. வயது 21. தோல் செருப்புக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா குடிப் பழக்கத்தால் கல்லீரல் கெட்டு ஐந்து வருஷத்துக்கு முன் இறந்தவர். இடது முன்கையில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ்க்கட்டி. வேலி முள் குத்தியது என்றார். கூட வந்த தாய்மாமனும் அதையே சொன்னார். ஓ.பி. சீட்டில் ‘சீழ்க்கட்டி, இடது கை’ என்று மட்டும் எழுதி அறுவைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டுக் கட்டும் அறையில் இருந்த செவிலியர் கட்டியை மட்டும் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் எட்டுக் கொட்டாவி. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, ஆனால் தும்மலோ இருமலோ இல்லை. நாடித்துடிப்பு 104. கையைத் திருப்பிப் பிடித்தபோது முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்து, உரித்த கோழித்தோல் மாதிரி இருந்தது. வேலூர் வெயிலில், மின்விசிறி சுடுகாற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும் அறையில், காய்ச்சல் இல்லாத ஒருவருக்குப் புல்லரிக்கக் காரணமே இல்லை. கண்ணின் பாப்பா வெளிச்சத்திலும் விரிந்திருந்தது.

அம்மாவையும் மாமனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “தம்பி, கடைசியா மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“மாத்திரை போடுவீங்களா?” என்று கேட்டிருந்தால் “இல்லக்கா” என்று பதில் வந்திருக்கும். எத்தனை மணி என்று கேட்டதால், “நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கா” என்று வந்தது. செவிலியரின் அந்தக் கேள்வியைப் புறநோயாளிப் பிரிவில் வேலை செய்கிற எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். குற்றவாளியைக் கேட்கிற தொனி அதில் இல்லை. எல்லாம் தெரிந்தவரிடம் மறைக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல் இருக்கிறது.

தடத்தைக் கட்டிய விதம்

எப்போதிலிருந்து என்று கேட்டால் எல்லோரும் சொல்வது “ஒரு ரெண்டு மாசமா”. அது பொய் என்று சொல்ல முடியாது. உடம்பு கெட்டுப்போனதாக அவர்களுக்கு உறைத்தது அந்த இரண்டு மாதத்தில்தான். அதற்கு முன்னால் போட்டதெல்லாம் அவர்கள் கணக்கில் ‘சும்மா’.

அதனால் ஞாபகத்தை மட்டும் நம்பாமல் மூன்று ஆவணங்களை வைத்துக் காலவரிசை கட்டப்பட்டது. ஒன்று, அவருடைய ஜிபே வரலாறு. அவரே திறந்து காட்டினார். இரண்டு, கம்பெனி வருகை அட்டை. மூன்றாவது யாரும் எதிர்பாராதது: அம்மாவின் பீடி பாஸ்புக். தினம் எத்தனை பீடி கொடுத்தோம் என்று முன்பக்கத்தில் கணக்கு. கடைசிப் பக்கத்தில் மகன் வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பென்சிலில் ஒரு கோடு. “என்னாத்துக்கும்மா இதெல்லாம் எழுதினீங்க?” என்று கேட்டபோது, “தெரில சார். இன்னாவோ சரியில்லன்னு மட்டும் தெரிஞ்சது” என்றார்.

மூன்றையும் ஒரே தாளில் வாரம் வாரமாக வைத்து, நடுவே நாள் பெயர்களை நிறுத்தினோம்: பொங்கல், தமிழ் வருஷப் பிறப்பு, வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தேதியாகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. “சிரசுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் குடியாத்தத்துக்காரர் யாரும் தடுமாற மாட்டார். இந்த வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதில் கிடைத்தது வேறு எந்தப் பரிசோதனையிலும் கிடைக்காது.

மாத்திரைக்கு முந்திய ஐந்து வருஷம்

இதை வேகமாகக் கடக்கலாம். 15 வயதில், பத்தாம் வகுப்பில், உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம். தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் பையன்கள் கைக்கு வந்துவிடுகிறது. 17ல் சிரசுத் திருவிழாவில் பீர். 18ல் கவுண்டன்யா ஆற்று மணலில் நண்பர்களோடு கஞ்சா. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். புகையிலை மட்டும் தினசரியாக நின்றது. மற்றவை கூட்டாளிகள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முதலில் சாராயமும் புகையிலையும், அடுத்து கஞ்சா, பிறகு கடும் போதை என்ற வரிசையை அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் காண்டல் 1975லேயே எழுதினார். அதைப் படித்துவிட்டு, முதல் படியில் கால் வைத்தவன் கடைசிப் படி வரை போய்த்தான் தீருவான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப் பேசுவது கெடுதல் செய்கிறது. அமெரிக்காவில் 1994ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் பிற்பாடு அடிமையானவர்கள் புகையிலையில் சுமார் 32 சதவீதம், ஹெராயினில் 23, சாராயத்தில் 15, கஞ்சாவில் 9. ஹெராயினைத் தொட்டவர்களிலேயே முக்கால்வாசிப் பேர் அடிமையாகவில்லை. அதே கணக்கில் முதலிடம் புகையிலைக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். உதட்டுக்குள் வைத்ததை ‘சின்னப் பழக்கம்’ என்று விட்டுவிடும் வீடுகள்தான் இங்கே அதிகம்.

ஆற்று மணலில் உட்கார்ந்த ஐந்து பேருமே பிற்பாடு மாத்திரையைத் தொட்டவர்கள். இருவர் ஒரே தடவையோடு நிறுத்திவிட்டார்கள். ஒருவர் திருவிழா நாளில் மட்டும். இவரும் இன்னொருவரும் தினசரிக்குப் போனார்கள். ஏன் இவர் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 15 வயதிலேயே ஆரம்பித்தது ஒன்று. அப்பாவின் குடி இன்னொன்று. போதைக்கு அடிமையாகும் தன்மையில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருவது. மூன்றாவது, தோள்பட்டை வலி. நான்காவது, சனிக்கிழமை தோறும் கைக்கு வரும் ரொக்கக் கூலி. கடைசி இரண்டும் இல்லாதிருந்தால் முதல் இரண்டும் இவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதல் மாத்திரை

மருத்துவமனைக்கு வந்ததற்கு முந்திய வருஷம், ஜூன். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் காலம். காலை எட்டுக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பதுக்கு வெளியே. கட்டிங் பகுதியில் நாள் முழுக்கத் தோலை மேசையில் பரப்பி அச்சை வைத்து அழுத்தும் வேலை. வலது தோளில் வலி இறங்கவே இல்லை. கூட வேலை செய்த ஒருவர் கொடுத்தது டேபென்டடால் மாத்திரையில் பாதி. “வலி மாத்திரைதான், மெடிக்கல்ல விக்கறதுதான்” என்று சொல்லிக் கொடுத்தார்.

அது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் ஆபத்தும். டேபென்டடால் வலிக்காகவே செய்த மருந்து; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது; மார்ஃபின் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. காகிதத்தில் மடித்து வரும் பொட்டலத்துக்கு இருக்கும் பயம் அலுமினியத் தாளில் வரும் மாத்திரைக்கு இல்லை. வாடை கிடையாது, கண் சிவக்காது, நடை தள்ளாடாது. இந்தியாவில் 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர் மருந்துக்கடை வகை ஓப்பியாய்டுகளை (மார்ஃபின் போல வேலை செய்யும் மருந்துகளை) போதைக்காகப் பயன்படுத்துவதாக 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. ஹெராயின் அளவு அதைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

முதல் அனுபவம் நன்றாக இருக்கவில்லை. வாந்தி, முகமெல்லாம் நமைச்சல். பெற்றோர் பலர் இதில் நிம்மதி காண்பார்கள்: ஒத்துக்கொள்ளவில்லையே, இனிமேல் தொடமாட்டான் என்று. ஆனால் வாந்தியை அவர் மறந்துவிட்டார். தோள்வலி சுத்தமாகக் கேட்காமல் போன அந்த மூன்று மணி நேரம் நினைவில் நின்றது. குமட்டலுக்கும் நமைச்சலுக்கும் உடம்பு நாளடைவில் பழகிவிடும். வலியும் அலுப்பும் போன சுகத்தை மூளை அவ்வளவு எளிதில் விடாது.

சனிக்கிழமைகள்

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய ஜிபேயில் ஒரே எண்ணுக்குப் போன பணம் சனிக்கிழமைகளில் மட்டும், சாயங்காலம் 7 மணியை ஒட்டி. கூலி கைக்கு வரும் நாள். தொகையும் மாறவில்லை. இந்தக் காலத்தில் வருகை அட்டையில் ஒரு விடுப்பு கூட இல்லை. பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. யாராவது அப்போது பிடித்துக் கேட்டிருந்தால், “நான் கட்டுப்பாட்டோடதான் இருக்கேன்” என்று சொல்லியிருப்பார். அது சரியாகவும் இருந்திருக்கும்.

செப்டம்பரில் புதன்கிழமை சேர்ந்தது. ஏன் புதன்? வாரத்தில் பாதி தாண்டுவதற்கு, என்றார். சனிக்கிழமைக்கு நண்பர்கள் உண்டு, புதன்கிழமைக்கு யாருமில்லை. வேலை முடிந்து, வீட்டு மொட்டை மாடியில், தனியாக. இந்த முழுத் தடத்தில் முதல் திருப்பம் இதுதான் என்பது எங்கள் கருத்து. மாத்திரை எண்ணிக்கை ஒன்றுதான் கூடியிருக்கிறது. காரணம் அடியோடு மாறிவிட்டது. சனிக்கிழமை மாத்திரை கூட்டாளிகளோடு இருப்பதன் ஒரு பகுதி. புதன்கிழமை மாத்திரைக்குக் கூட்டாளி வேண்டியதில்லை.

நவம்பரில் வாரத்துக்கு நான்கு நாள். பாதி மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகி இருந்தது. டிசம்பரில் தினசரி, எல்லாம் சாயங்காலம். கஞ்சா தானாகவே நின்றுவிட்டது. அதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார்: “பொகைய விட்டுட்டான்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன்.”

பொங்கல் மூன்று நாள்

போகி அன்று மாத்திரை கொடுப்பவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கையில் இருந்தது தீர்ந்தது. பெரும் பொங்கல் காலையில் கொட்டாவியும் மூக்கொழுகலும். மத்தியானம் தொடைச் சதையிலும் இடுப்பிலும் குடைச்சல். காலை நீட்டினாலும் மடக்கினாலும் இருப்புக் கொள்ளாமல் உதறிக்கொண்டே இருந்தது. ராத்திரி வியர்வையும் குளிரும் மாறி மாறி. மாட்டுப் பொங்கலன்று வயிற்றுப்போக்கு ஆறு தடவை. தூக்கம் சுத்தமாக இல்லை.

காணும் பொங்கல் அன்று பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். பனிக்காலம், மூக்கொழுகல், உடம்பு வலி. வைரஸ் காய்ச்சல் என்று முடிவானது. இடுப்பில் ஓர் ஊசி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக். வெப்பமானி வைத்துப் பார்த்திருந்தால் 98.6 காட்டியிருக்கும். கண்பாப்பாவை டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் விரிந்திருப்பது தெரிந்திருக்கும். தொண்டை சிவக்கவில்லை, இருமல் இல்லை. ஓப்பியாய்டு நின்றதால் வரும் இந்தத் தொல்லையையும் சளிக்காய்ச்சலையும் பிரிப்பதற்கு இரண்டு நிமிஷமும் ஒரு கைவிளக்கும் போதும். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அந்த இரண்டு நிமிஷம் கிடைப்பதில்லை.

உள்ளே நடந்தது இது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்ன நரம்புக் கூட்டம், உடம்பை உஷார் நிலையில் வைக்கும் நார்அட்ரினலினை மூளை முழுக்க அனுப்புகிறது. ஓப்பியாய்டு அதை அடக்கும். தினமும் அடக்கினால் அந்தக் கூட்டம் தன் பங்குக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவர் காற்று சட்டென்று நின்றால் முன்னால் பாய்வார் இல்லையா, அதுபோல மாத்திரை நின்றதும் எல்லாம் ஒரேயடியாகப் பாய்கிறது: நாடி ஏறுகிறது, வியர்க்கிறது, கண்பாப்பா விரிகிறது, மயிர் கூச்செறிகிறது. மாத்திரை குடலையும் அடக்கி மலச்சிக்கல் உண்டாக்கியிருந்தது. அடக்கம் விலகியதும் வயிற்றுப்போக்கு. குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரை என்பதால் அரை நாளுக்குள் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். உயிருக்கு ஆபத்து அரிது. ஆனால் அனுபவிக்கிறவருக்கு அது தெரியாது.

நான்காம் நாள் நண்பர் ஒருவர் இரண்டு மாத்திரை கொண்டுவந்தார். இளைஞர் சொன்னது அப்படியே:

“ஜொரம்னு தான் சார் நெனச்சிக்கினு இருந்தேன். மாத்திர போட்டு ஒரு நாப்பது நிமிஷம். எல்லாம் பூட்ச்சி. மூக்கு நின்னுச்சி, கால் நின்னுச்சி. அப்பத்தான் தெரிஞ்சது, இது ஜொரம் இல்லன்னு.”

இந்த நாற்பது நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு மாத்திரை சுகம் தருவது. பின்னால், நோயைத் தீர்ப்பது. சுகம் வேண்டாம் என்று ஒருவர் தள்ளிவிடலாம்; நோயைத் தீர்ப்பதை யார் தள்ளுவார்? பிப்ரவரி 9ஆம் தேதி ஜிபேயில் முதல்முறையாகக் காலை 6.50க்கு ஒரு பரிமாற்றம். அதற்குப் பிறகு காலைப் பரிமாற்றம் இல்லாத நாளே இல்லை. வேலைக்குப் போவதற்கு மாத்திரை வேண்டும் என்ற நிலை. மே மாதத்தில் தினம் மூன்று வேளை, 100 மி.கி. மாத்திரை எட்டிலிருந்து பத்து. மருத்துவர் எழுதும்போதே ஒரு நாளைக்கு 600 மி.கி.யைத் தாண்டக் கூடாத மருந்து அது.

பழக்கம் எப்போது வழக்கமானது என்று கேட்டால், டிசம்பரின் தினசரிச் சாயங்காலத்தைப் பலர் காட்டுவார்கள். நாங்கள் காட்டுவது பிப்ரவரி 9. அன்றுதான் மாத்திரை கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது.

தவறிப்போன வாய்ப்புகள்

ஏப்ரலில் தாய்மாமனுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்ச் சிறுநீரில் ‘போதை டெஸ்ட்’ எடுத்தார். எல்லாக் கோடும் நெகட்டிவ். அம்மாவுக்குத் திட்டு விழுந்தது: “புள்ளய சந்தேகப்படறியே, நல்லா தான் கீறான் பாரு.” வழக்கமான சோதனைப் பட்டை, மார்ஃபின் வகையைக் கண்டுபிடிக்கச் செய்தது. டேபென்டடாலும் டிராமடாலும் செயற்கை மூலக்கூறுகள். அந்தப் பட்டைக்கு அவை தெரியாது. கஞ்சாக் கோடும் நெகட்டிவ், ஏனென்றால் கஞ்சாவை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. நெகட்டிவ் என்றால் இந்தப் பட்டை தேடிய பொருள் இல்லை என்று மட்டும்தான் பொருள். இதை ஆய்வகங்கள் அறிக்கையிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ வீடுகளில் மூன்று மாதம் மிச்சமாகும்.

பாஸ்புக்கில் கோடுகள் பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் மூன்று, மே மாதத்தில் ஏழு. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது மே கடைசியில். ஜூனில் ஊசி. மாத்திரை முன்போல் ‘ஏறவில்லை’ என்றபோது கூட இருந்தவர் போட்டுவிட்டது. மொத்தம் நான்கு தடவை. விழுங்குவதற்குச் செய்த மாத்திரையில் மருந்தைவிடச் சேர்மானப் பொடிதான் அதிகம். அது கரையாது, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும், தோலடியில் தங்கினால் சீழ் பிடிக்கும், நுரையீரல் வரைக்கும் போகும். நான்கே தடவையில் கை போயிருக்கலாம். சீழ்க்கட்டியோடு நின்றது அதிர்ஷ்டம்.

சிகிச்சையும் அதில் நடந்த தவறும்

ஓப்பியாய்டு விடுபடும் நிலையை அளக்கும் ‘கௌஸ்’ அளவுகோலில் 11 அம்சம், மொத்தம் 48 புள்ளி. 5 முதல் 12 வரை லேசு, 13 முதல் 24 வரை நடுத்தரம். காலை 9.45க்கு இவருக்கு 14. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 10 சொல்லும் ஆறு அம்சத்தில் மூன்று இருந்தால் அடிமைநிலை என்று பெயர். இவருக்கு ஆறும் இருந்தன.

கட்டி கீறிச் சீழ் எடுக்கப்பட்டது. வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபென்னும். பிறகு, பழைய மாத்திரைக்கு மாற்றாக நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின்–நலாக்சோன் 2 மி.கி. இதில் நேரம்தான் முக்கியம். பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால், புப்ரினார்ஃபின் அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஆனால் அது தரும் விளைவு குறைவு என்பதால் நோயாளிக்கு விடுபடும் தொல்லை சட்டென்று முற்றிவிடும். அதற்காகத்தான் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்ற கேள்வியும் 14 புள்ளியும். பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்ததால் தைரியமாகத் தொடங்க முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் புள்ளி 8க்கு இறங்கியது. இன்னொரு 2 மி.கி. மூன்றாம் நாள் 8 மி.கி.யில் நின்றது.

சொல்லிக்கொடுக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. மாத்திரையை விழுங்கினால் பயனில்லை. நாக்கடியில் கரைய ஐந்திலிருந்து பத்து நிமிஷம் ஆகும். அதுவரை டீ கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, உதட்டுக்குள் புகையிலை இருக்கக் கூடாது. இவர் முதல் சில நாள் புகையிலையோடுதான் வைத்திருக்கிறார். “மருந்து வேலை செய்யல” என்று நான்காம் நாள் வந்தபோது வாயைத் திறந்து பார்த்ததில் தெரிந்தது.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் நெகட்டிவ். ஆனால் கடைசி ஊசி போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதப்பட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் தவணை அன்றே போடப்பட்டது.

26ஆம் நாள் மருந்து நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் மாமன். “இதுவும் போதை மாத்திரைதானே சார், ஒண்ண விட்டு ஒண்ணு புடிச்சிக்கினா எப்படி?” என்பது அவர் நியாயம். சித்தூர் பக்கம் உறவுக்காரர் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். ஒன்பது நாள் எதுவும் இல்லாமல் இருந்தார் இளைஞர். அங்கே இருக்க முடிந்தது. சனிக்கிழமை கிடையாது, கூலி கிடையாது, அந்த மொட்டை மாடியும் கிடையாது. பத்தாம் நாள் ஊர் திரும்பினார். அன்று சனிக்கிழமை. ஒரு குவாட்டர் பிராந்தியோடு பழைய அளவிலேயே மாத்திரை.

ராத்திரி 11 மணிக்கு அம்மா பார்த்தபோது குறட்டை மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம், தட்டியும் எழவில்லை. அவர் 108க்குச் சொல்லிவிட்டு மகனைப் பக்கவாட்டில் புரட்டிப்போட்டுத் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் செவிலியர் பத்து நிமிஷம் செலவழித்து அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தது அது. மூச்சு நிமிஷத்துக்கு ஆறு. மருத்துவமனையில் ஓப்பியாய்டை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும் கண் திறந்தார். நலாக்சோன் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், மாத்திரை இறங்காது. எழுந்து உட்கார்ந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் விடியும்வரை வைத்துக்கொண்டார்கள்.

மருந்தை நிறுத்திய சில நாட்களிலேயே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் ஏறிய அளவை பத்தாம் நாள் உடம்பு தாங்காது. சாவுகள் நடப்பது இந்த இடத்தில்தான்: சிகிச்சை மையத்திலிருந்து, சிறையிலிருந்து, உறவுக்காரர் தோட்டத்திலிருந்து ‘சுத்தமாக’ வீடு திரும்பிய முதல் வாரங்களில். மாமனைக் குறை சொல்லிப் பயனில்லை. புப்ரினார்ஃபின் எதற்கு, எத்தனை மாதம், நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவரை உட்காரவைத்து முதல் வாரத்தில் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னோம். அந்த வீட்டில் முடிவெடுப்பவர் மாமன் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு சிகிச்சைக் குழுவின் பக்கம்.

இரண்டாம் சுற்று

இந்த முறை மாமன்தான் மருந்து வாங்க வந்தார். நீரிழிவுக்காரர் மெட்ஃபார்மின் போடுவதைப் போல என்று சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஜிபே வரலாற்றை ஜூனிலிருந்து வரிசையாகக் காட்டி, காலை 6.50ஐத் தொட்டுக் காட்டியபோதுதான் ஏற்றார்: “அப்போ இது காலைல எழுந்து நிக்கறதுக்கு.” ஆமாம், அதற்குத்தான். 8 மி.கி. மருந்து 24 மணி நேரம் தாங்குகிறது. காலையில் யாரையும் தேடி ஓட வேண்டியதில்லை. அவருக்கு இருந்த இன்னொரு பயம் போலீஸ். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது; சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம். இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

மாற்றியவை சில. சனிக்கிழமைக் கூலி நேராக அம்மாவின் வங்கிக் கணக்குக்கு. சிம் கார்டு மாற்றம். கட்டிங் பகுதியிலிருந்து பேக்கிங் பகுதிக்கு. மேஸ்திரியிடம் ‘தோள்பட்டை வலி’ என்ற சான்றிதழ் மட்டும் போனது, வேறெதுவும் சொல்லப்படவில்லை. தோளுக்குப் பிசியோதெரபி. அதைச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்திருந்தால், முதல் மாத்திரைக்குக் காரணமான வலி அப்படியே அங்கே காத்திருந்திருக்கும். புகையிலைக்கு 2 மி.கி. நிகோடின் சூயிங்கம்.

வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கும் போகலாம்; போவதற்கு முன் பேசிப் பார்க்க 14446 (போதை மீட்பு உதவி), 14416 (மனநல உதவி) இரண்டும் கட்டணமில்லா எண்கள். வாடையோ சிவந்த கண்ணோ தேட வேண்டாம். காலை எழுந்ததும் எரிச்சலும் கொட்டாவியும், அரை மணி நேரம் வெளியே போய்வந்ததும் ஆளே மாறிச் சிரித்துப் பேசுவதும் தெரிந்தால், அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அமைதியாகக் கேட்கலாம்.

ஏழாம் மாத நிலவரம்: புப்ரினார்ஃபின் 6 மி.கி. மூன்றாம் மாத மறுபரிசோதனை மூன்றும் நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி மூன்றாம் தவணை போட்டாயிற்று. தீபாவளியன்று ஒருமுறை இரண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறார். ‘ஒண்ணும் ஏறல’ என்று அவரே வந்து சொன்னார். ஏற்பிகளில் புப்ரினார்ஃபின் உட்கார்ந்திருந்தால் ஏறாதுதான். புகையிலை இன்னும் நிற்கவில்லை, நாளைக்கு மூன்று பொட்டலம். கம்மல் மீட்கப்படவில்லை. பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் ஜனவரிக்கு ஒரு கோடு இருந்தது. கேட்டபோது, அன்று கம்பெனியே லீவு என்றார் அம்மா. ஆனாலும் பழக்கத்தில் போட்டுவிட்டாராம்.